எந்தக் கோப்பு எந்த எஞ்சினுக்கு: டீசல் ஜெனரேட்டரின் ஈசிஎம் மென்பொருளைப் புதுப்பித்தல்

இந்தியாவில் 800 கிலோவாட் வரையிலான டீசல் ஜெனரேட்டர்களுக்கு 2023 ஜூலை 1 முதல் புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிகள் நடைமுறைக்கு வந்தன. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பெயரை ஒட்டி, தொழிலில் இருப்பவர்கள் அவற்றை சிபிசிபி ஃபோர் பிளஸ் என்று சொல்கிறார்கள். அதுவரை சிறிய, நடுத்தர செட்டுகள் பலவற்றில் மெக்கானிக்கல் ஃப்யூயல் பம்பும், வேகத்தைச் சீராக வைக்கும் கவர்னரும்தான் இருந்தன. வேகம் குறைந்தால் ஸ்க்ரூவைத் திருப்பவும், கரும்புகை வந்தால் நாசிலைக் கழற்றிச் சோதிக்கவும் தெரிந்த ஒரு நல்ல மெக்கானிக் ஸ்பேனர் பெட்டியோடு வந்தால் வேலை முடிந்துவிடும். இப்போது எல்லா இன்ஜெக்டர்களுக்கும் ஒரே குழாயிலிருந்து உயர் அழுத்த டீசல் தரும் காமன் ரெயிலும், திறனைப் பொறுத்து நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கப் புகையில் யூரியா கரைசலைத் தெளிக்கும் எஸ்சிஆர் அமைப்பும், இவை எல்லாவற்றையும் ஆளும் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டியான ஈசிஎம்மும் சிறிய ஆலைகளின் ஜெனரேட்டர் அறை வரைக்கும் வந்துசேர்ந்துவிட்டன. பெரிய செட்டுகளில் நெடுங்காலமாக இருந்துவரும் பெட்டிதான் என்றாலும், அதன் மென்பொருளை எப்போது புதுப்பிக்க வேண்டும், யார் செய்ய வேண்டும், செய்தபின் எதைச் சோதிக்க வேண்டும் என்ற கேள்விகள் இப்போதுதான் பரவலாக எழுந்திருக்கின்றன.

ஜெனரேட்டர் சர்வீஸ் வேலையில் இருப்பதால் இந்தக் கேள்விகளை ஆலைப் பராமரிப்பு மேலாளர்களிடமிருந்து அடிக்கடி கேட்கிறேன். "போன்ல அப்டேட் வந்தா உடனே போட்டுடறோம், இதுக்கு மட்டும் ஏன் சார் இவ்வளவு யோசிக்கிறீங்க?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் போனுக்கு வரும் கோப்பு அந்த மாடலில் விற்ற எல்லாப் போன்களுக்கும் ஒன்றே. எஞ்சினுக்கு அப்படி இல்லை. ஒரே பிளாக், ஒரே கிராங்க்ஷாஃப்ட், ஒரே டர்போ என்று வெளியில் இரட்டைப் பிள்ளைகளாகத் தெரியும் இரண்டு எஞ்சின்களில் ஒன்று 50 ஹெர்ட்ஸ் ஜெனரேட்டருக்காக 1500 ஆர்பிஎம்மில் ஓடுவதாகவும், மற்றொன்று தண்ணீர்ப் பம்பை ஓட்டுவதற்காக வேகம் மாறிக்கொண்டே இருப்பதாகவும் இருக்கலாம். ஒன்று நாள் முழுவதும் சுமை தாங்கும் பிரைம் ரேட்டிங்கிலும், மற்றொன்று மின்வெட்டில் மட்டும் ஓடும் ஸ்டாண்ட்பை ரேட்டிங்கிலும் விற்கப்பட்டிருக்கலாம். அவற்றைப் பிரித்துக் காட்டுவது பல சமயங்களில் பெட்டிக்குள் இருக்கும் கோப்பு மட்டுமே. ஆகவே இந்த வேலையில் 'புதியதா பழையதா' என்பது இரண்டாவது கேள்வி. இந்தக் கோப்பு இந்த எஞ்சினுக்கு உரியதுதானா என்பதே முதல் கேள்வி.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதை நான்கு அடுக்காகப் பிரித்துக்கொண்டால் பின்னால் வருபவை எளிதில் விளங்கும். அடியில் பூட்லோடர் என்ற சிறு நிரல் இருக்கிறது. மின்சாரம் வந்ததும் முதலில் விழிப்பது அதுதான், சாதாரணப் புதுப்பித்தலில் அது அழிக்கப்படுவதில்லை. அதன்மேல் எஞ்சினை நடத்தும் அடிப்படை மென்பொருள். அதற்கும் மேல் கேலிப்ரேஷன், அதாவது எந்த வேகத்தில் எந்தச் சுமையில் எவ்வளவு டீசல், பிஸ்டன் உச்சிக்கு வர எத்தனை டிகிரி முன்னதாக, எந்த ரெயில் அழுத்தத்தில் என்பதையெல்லாம் சொல்லும் எண் அட்டவணைகள். கடைசியாக, அந்த ஓர் எஞ்சினுக்கு மட்டுமே உரிய விவரங்கள்: ஓடிய மணிக்கணக்கு, பழைய ஃபால்ட் கோடுகள் (பழுதைக் குறிக்கும் குறியீடுகள்), வாடிக்கையாளருக்காக அமைத்த வேகமும் பாதுகாப்பு எல்லைகளும், ஒவ்வொரு இன்ஜெக்டரின் ட்ரிம் கோடு. ஃப்ளாஷ் செய்யும்போது, அதாவது புதிய கோப்பை ஏற்றும்போது, நடுவில் உள்ள இரண்டு அடுக்குகளும் அழித்து எழுதப்படுகின்றன. மேலடுக்கு தப்பிப் பிழைக்கும் என்றுதான் எதிர்பார்க்கிறோம். சில கோப்புகள் அதையும் தொழிற்சாலை மதிப்புகளுக்குத் திருப்பிவிடும் என்பதை மனத்தில் வைத்தே வேலையைத் தொடங்க வேண்டும்.

அட்டவணையில் உள்ள எண்களுக்கு இவ்வளவு மரியாதை ஏன் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கைச் சொல்லலாம். 1500 ஆர்பிஎம்மில் கிராங்க்ஷாஃப்ட் ஒரு நொடியில் 25 சுற்று, அதாவது 9000 டிகிரி சுழல்கிறது. ஒரு டிகிரிக்குக் கிடைக்கும் நேரம் ஒரு மில்லிநொடியில் ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்கு. இன்றைய காமன் ரெயில் எஞ்சின்களில் 1600 பார், அதற்கும் மேற்பட்ட அழுத்தத்தில் நிற்கும் டீசலை அந்த நேர அளவில் திறந்து மூடுவதுதான் ஈசிஎம்மின் வேலை. ஓரிரு டிகிரி முன்னுக்குத் தள்ளினால் சிலிண்டர் அழுத்தமும் நைட்ரஜன் ஆக்சைடும் உயரும். பின்னுக்குத் தள்ளினால் டீசல் செலவும் புகைபோக்கி வெப்பநிலையும் கூடும். பிஸ்டனை மாற்றுவது எவ்வளவு பெரிய வேலையோ, இந்த எண்களை மாற்றுவதும் அவ்வளவு பெரிய வேலை. ஸ்பேனர் சத்தம் கேட்காததால் மட்டுமே அது சிறியதாகத் தெரிகிறது.

உற்பத்தியாளர்கள் புதிய கோப்பு வெளியிடுவதற்குப் பல காரணங்கள் உண்டு. மிக அதிகமாக நான் பார்ப்பது பொய் அலாரத்தைத் திருத்துவது. ஸ்டார்ட் செய்யும்போது பேட்டரி மின்னழுத்தம் ஒரு கணம் தாழ்வதை சென்சார் பழுது என்று நினைத்துக் கோடு பதிவுசெய்யும் மென்பொருளுக்கு, 'சற்றுப் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொல்' என்று கற்றுக்கொடுப்பதுதான் அந்தத் திருத்தம். சென்சார் வழங்குபவர் மாறினால் அதன் அளவுக்கோடு மாறும், அதற்கும் கோப்பு வேண்டும். எஸ்சிஆர் உள்ள எஞ்சின்களில் 32.5 சதவீத யூரியா கரைசலை எவ்வளவு தெளிப்பது, தீர்ந்துபோனால் எப்போது சக்தியைக் குறைப்பது என்பதெல்லாம் மென்பொருள் முடிவுகள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2025 ஆகஸ்டில், யூரியா அமைப்பில் கோளாறு வந்ததும் டீசல் எஞ்சின்கள் சட்டென்று சக்தி இழப்பதைத் தளர்த்தும் வகையில் மென்பொருளைத் திருத்துமாறு உற்பத்தியாளர்களுக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. நடு வயலில் டிராக்டரும் நெடுஞ்சாலையில் லாரியும் நின்றுபோவதைப் பற்றிப் பல ஆண்டுகளாக எழுந்த புகார்களின் விளைவு அது. ஒரு பாகத்தையும் மாற்றாமல், கோப்பை மாற்றியே தீர்க்க முடிகிற சிக்கல்களில் இது ஒன்று.

அதே நேரம், புதிய கோப்பு இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகப் புதுப்பிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. மாதம் இரண்டு மணி நேரம் ஓடி, சுமையை ஒழுங்காகத் தாங்கி, எந்தக் கோடும் காட்டாமல் நிற்கும் ஒரு மருத்துவமனை செட்டின் மென்பொருளைத் தொடுவதற்கு முன், அந்தக் கோப்பு எதைத் திருத்துகிறது என்று வெளியீட்டுக் குறிப்பில் படித்துப் பார்க்க வேண்டும். பாதுகாப்பு, புகை விதி, அல்லது அந்தச் செட்டில் உண்மையிலேயே தெரியும் அறிகுறி ஆகிய மூன்றில் ஒன்று இருந்தால் செய்யலாம். இல்லையென்றால் அடுத்த பெரிய சர்வீஸ் வரை காத்திருக்கலாம். இன்னொரு பக்கம், வயரிங் ஹார்னஸில் உரசிப்போன ஒரு கம்பியையோ துருப்பிடித்த எர்த் இணைப்பையோ கண்டுபிடிக்கப் பொறுமை இல்லாமல் 'மென்பொருளைப் போட்டுப் பார்ப்போம்' என்று ஃப்ளாஷ் செய்யும் வழக்கமும் இருக்கிறது. ஃப்ளாஷ் செய்ததும் கோடுகள் அழிந்துவிடும், எஞ்சின் ஓடும், அனைவருக்கும் மகிழ்ச்சி. அடுத்த மழையில் அதே கோடு திரும்பி வரும், இம்முறை பழைய பதிவுகள் இல்லாமல்.

வேலையைத் தொடங்கும்போது மூன்று எண்களை எழுதிக்கொள்ள வேண்டும்: எஞ்சின் பிளாக்கில் உள்ள தகட்டில் பொறித்த சீரியல் எண், ஈசிஎம் பெட்டியின் பாக எண், இப்போது அதற்குள் இருக்கும் கேலிப்ரேஷனின் எண்ணும் திருத்த வரிசையும். கம்மின்ஸுக்கு இன்சைட், கேட்டர்பில்லருக்கு எலக்ட்ரானிக் டெக்னீஷியன், பெர்கின்ஸுக்கு இஎஸ்டி, வோல்வோ பென்டாவுக்கு வோடியா என்று ஒவ்வொரு நிறுவனத்துக்கும் லேப்டாப்பில் இயங்கும் தனிக் கருவி உண்டு. எல்லாவற்றிலும் இந்த விவரங்கள் முதல் திரையிலோ அதற்கு அடுத்ததிலோ கிடைத்துவிடும். தகட்டில் உள்ள சீரியல் எண்ணும் பெட்டி சொல்லும் சீரியல் எண்ணும் ஒத்துப்போகின்றனவா என்பதைப் பார்ப்பவர்கள் குறைவு. ஒத்துப்போகாவிட்டால் அந்தப் பெட்டி வேறோர் எஞ்சினிலிருந்து கழற்றி மாட்டப்பட்டது என்று பொருள். பழைய செட்டுகளை வாங்கி விற்கும் சந்தையில் இது அரிதல்ல. அப்படிப்பட்ட பெட்டியில், அது இப்போது சொல்லும் எண்ணுக்குப் புதிய கோப்பைத் தேடி ஏற்றினால், வேறோர் எஞ்சினின் ரேட்டிங்கை இந்த எஞ்சினில் இன்னும் உறுதியாகப் பதித்துவிடுகிறோம். தகட்டில் உள்ள எண்ணைக் கொண்டுதான் உற்பத்தியாளரின் பதிவேட்டில் தேட வேண்டும். தகடு கிழிந்தோ பெயின்ட் பூசியோ இருந்தால், எண் கிடைக்கும் வரை வேலையை நிறுத்திவைக்க வேண்டும். கேட்டர்பில்லர் கருவி, ஏற்ற முனையும் கோப்பு அந்த எஞ்சின் குடும்பத்துக்குப் பொருந்தாவிட்டால் தொழிற்சாலைக் கடவுச்சொல் கேட்டு நிற்கும். சலிப்பூட்டும் அந்தத் தடை பல எஞ்சின்களைக் காப்பாற்றியிருக்கிறது.

எண்கள் சரியானபின், இருப்பதை அப்படியே சேமிக்க வேண்டும். வாடிக்கையாளர் அமைப்புகள், ஃபால்ட் கோடு வரலாறு, மணிக்கணக்கு, ட்ரிம் கோடுகள் ஆகியவற்றைக் கருவியின் கோப்பாகச் சேமிப்பதோடு ஒரு முறை காகிதத்திலும் அச்சிட்டு வைத்துக்கொள்வது என் பழக்கம். லேப்டாப் பழுதாகி நிற்கும் நேரத்தில் காகிதம் பேசும்.

இனி மின்சாரம். இந்த வேலையில் நடக்கும் விபத்துகளில் பெரும்பங்கு இங்கேதான் நிகழ்வதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். 24 வோல்ட் அமைப்பில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடராக இணைந்திருக்கும். நல்ல நிலையில், சுமையின்றி, ஏறக்குறைய 25 வோல்ட்டுக்குச் சற்று மேல் காட்ட வேண்டும். ஈசிஎம் தன் நினைவகத்தை அழித்து எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் மின்னழுத்தம் சரிந்தால் பெட்டி மீண்டும் தொடங்கிவிடும். பழையது அழிந்து, புதியது பாதி எழுதப்பட்ட நிலையில் நிற்கும். ஆண்டுக்கணக்கில், எப்போதும் இணைந்தே இருக்கும் மிதவை சார்ஜரை நம்பியே வாழ்ந்த பேட்டரி, மீட்டரில் நல்ல எண் காட்டிவிட்டு, எழுத ஆரம்பித்ததும் சாய்ந்துவிடும். எனவே சுமைச் சோதனை செய்து பார்த்தபிறகே தொடங்க வேண்டும். சந்தேகமிருந்தால் நிலைப்படுத்திய டிசி மின்வழங்கியை இணைக்கலாம். வேகச் சார்ஜரையோ வெல்டிங் கடையில் கிடைக்கும் பூஸ்டரையோ இணைக்கக்கூடாது. அவற்றின் அலைவுள்ள மின்னோட்டம் பலவீனமான பேட்டரியைவிட மோசமானது.

ஜெனரேட்டருக்கே உரிய இன்னொரு ஆபத்து, மின்வெட்டு வந்ததும் செட்டைத் தானாகத் தொடங்கும் ஏஎம்எஃப் பேனலில் இருக்கிறது. பேனல் ஆட்டோ நிலையில் இருக்க, மென்பொருள் ஏறிக்கொண்டிருக்கும் பத்து நிமிடத்துக்குள் மின்வெட்டு வந்தால், பேனல் தன் கடமையைச் செய்யும்: ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சுழற்றும். அந்தக் கணத்தில் பேட்டரி மின்னழுத்தம் பல வோல்ட் கீழே போகும். ஆகவே பேனலை ஆஃப் நிலைக்குக் கொண்டுவந்து, ஸ்டார்ட்டருக்குப் போகும் கட்டுப்பாட்டுக் கம்பியையும் கழற்றிவிடுவது நல்லது. ஆனால் பேனலை ஆஃப் செய்ததும் ஈசிஎம்முக்குப் போகும் கீ ஸ்விட்ச் மின்சாரமும் நின்றுவிடும் என்பது அடுத்த சிக்கல். சில பேனல்களில் எஞ்சினைத் தொடங்காமல் ஈசிஎம்முக்கு மட்டும் மின்சாரம் தரும் வசதி உண்டு. அது இல்லாத இடத்தில் ஃப்யூஸ் போட்ட தனிக் கம்பி கொடுக்க வேண்டும். அந்த நேரத்தில் கேனோபியிலோ அடிச்சட்டத்திலோ யாரும் வெல்டிங் செய்யாமல் பார்த்துக்கொள்வதும் நம் பொறுப்புதான். ஆலைகளில் 'ஜெனரேட்டர் நிற்கிறதே, இந்தப் பிராக்கெட்டையும் பற்றவைத்துவிடலாம்' என்று ஆள் வந்து நிற்பது வழக்கம்.

லேப்டாப்புக்கும் எஞ்சினுக்கும் இடையில் ஓடுவது பெரும்பாலும் எஸ்ஏஇ ஜே1939 என்ற முறையிலான கேன் இணைப்பு, அதாவது இரண்டு கம்பிகளில் தகவல் போகும் வழி. நொடிக்கு 250 கிலோபிட், புதியவற்றில் 500 கிலோபிட். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு இரண்டு கேன் கம்பிகளுக்கிடையே மீட்டரை வைத்தால் 60 ஓம் காட்ட வேண்டும்; இரு முனைகளிலும் உள்ள 120 ஓம் மின்தடைகள் இணையாகச் சேர்ந்து தரும் மதிப்பு அது. 120 காட்டினால் ஒரு முனை விட்டுப்போயிருக்கிறது, 40 காட்டினால் யாரோ கூடுதலாக ஒன்றைச் சொருகியிருக்கிறார்கள். ஓரிரு நிமிட வேலைதான், ஆனாலும் பலர் செய்வதில்லை. பழைய எஞ்சின்களில் இருந்த ஜே1708 இணைப்பு நொடிக்கு 9600 பிட் வேகமே கொண்டது. ஒரு மெகாபைட் கோப்பு அதன்வழியே போக, வேறெந்தத் தாமதமும் இல்லாவிட்டாலும் 18 நிமிடம் ஆகும். அந்தக் காலத்தில் வேலை செய்தவர்களிடம் இன்றும் ஒரு பொறுமை காணப்படுவதற்கு அதுவும் காரணமோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. அடாப்டரை வயர்லெஸ் முறையில் இணைக்காமல் கேபிளில் இணைப்பது, லேப்டாப்பைத் தன் சார்ஜரில் போட்டு உறக்க நிலைக்குப் போகாதபடி அமைப்பது, மற்ற நிரல்களை மூடுவது எல்லாம் எளிய முன்னெச்சரிக்கைகள்.

இதற்குப்பின் நடக்கும் ஃப்ளாஷ் வேலை உண்மையில் சுவாரசியமற்றது. பொத்தானை அழுத்திவிட்டு, கேபிளைத் தொடாமல், திரையில் முன்னேற்றப் பட்டை நகர்வதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். நடுவில் நின்றுபோனால் பதறிப்போய் கீயை ஆஃப் செய்யாமல், கருவி என்ன சொல்கிறது என்று படிக்க வேண்டும். பூட்லோடர் அழியாமல் இருப்பதால் பெரும்பாலான பெட்டிகள் அந்த நிலையிலும் கருவியோடு பேசும். அதே கோப்பை மீண்டும் ஏற்ற முடியும். பெட்டி செத்துவிட்டது என்று முடிவுசெய்து புதியதற்கு ஆர்டர் போடுமுன் மின்வழங்கலையும் கேபிளையும் மாற்றி மறுபடி முயல்வது பெரும் செலவைத் தவிர்க்கும்.

ஏறி முடிந்ததும் கருவி சொல்லும்வரை கீயை ஆஃப் நிலையில் வைத்திருக்க வேண்டும். பல பெட்டிகள் கீ ஆஃப் ஆனபிறகுதான் தங்கள் விவரங்களை நிலையான நினைவகத்தில் எழுதுகின்றன; எஸ்சிஆர் உள்ளவற்றில் யூரியா குழாய்களைக் காலிசெய்யும் வேலையும் அப்போதுதான் நடக்கிறது. பேட்டரி ஐசொலேட்டரை உடனே திருப்பிவிட்டால் இரண்டும் கெடும்.

பிறகு, சேமித்து வைத்த அமைப்புகளை ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும். இங்கே நான் குறிப்பாகப் பார்ப்பவை சில. 50 ஹெர்ட்ஸ், 60 ஹெர்ட்ஸ் தேர்வு மாறியிருந்தால் முதல் ஸ்டார்ட்டிலேயே எஞ்சின் 1800 ஆர்பிஎம்முக்குப் போகும். அதனால் முதல் ஓட்டம் எப்போதும் பிரேக்கர் திறந்த நிலையில், அதாவது சுமை இணைக்காமல்தான். ஆயில் அழுத்தம் குறைந்தாலோ கூலன்ட் சூடு கூடினாலோ எஞ்சினை நிறுத்து என்ற பாதுகாப்பு, பல பெட்டிகளில் வாடிக்கையாளர் விருப்பமாகவே வைக்கப்பட்டிருக்கிறது. தொழிற்சாலை மதிப்புக்குத் திரும்பினால் அது வெறும் எச்சரிக்கை விளக்காகச் சுருங்கிவிடக்கூடும். யாரும் கவனிக்காமல் ஓராண்டு ஓடி, ஒருநாள் ஆயில் குழாய் உடையும்போதுதான் அது தெரியவரும். இன்ஜெக்டர் ட்ரிம் கோடுகளை இன்ஜெக்டரின் தலையில் பொறித்த எழுத்துகளோடு ஒப்பிட வேண்டும். தயாரிப்பில் ஏற்படும் நுண்ணிய வேறுபாடுகளை ஈடுசெய்யும் எண்கள் அவை, சிலிண்டர் மாறிப்போனால் ஓட்டத்தில் ஒரு சீரற்ற தன்மை வந்துவிடும். எமர்ஜென்சி ஸ்டாப் பொத்தானை அழுத்திப் பார்ப்பது கடைசியில் அல்ல, முதல் ஓட்டத்திலேயே செய்ய வேண்டியது.

சுமையில்லாமல் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்து வாங்குவதை நான் ஏற்பதில்லை. சோதனைக்கான செயற்கைச் சுமையான லோடு பேங்க் கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் ஆலையின் சொந்தச் சுமையைப் படிப்படியாக ஏற்ற வேண்டும். ஜெனரேட்டர்களுக்கான ஐஎஸ்ஓ 8528 தரநிலை, சுமை திடீரென ஏறும்போது அதிர்வெண் எவ்வளவு தாழலாம், எத்தனை நொடியில் மீள வேண்டும் என்று செயல்திறன் வகுப்புகளை வகுத்திருக்கிறது. ஜி2 வகுப்புக்கு 5 நொடி, ஜி3 வகுப்புக்கு 3 நொடி. கவர்னரின் பதில்வேகமும் மென்பொருளில்தான் இருப்பதால், புதுப்பித்தலுக்கு முன்னும் பின்னும் ஒரே சுமைப்படியில் இந்த அளவுகளை எடுத்து வைத்தால் விவாதத்துக்கு இடமில்லாமல் போகும்.

இணையாக ஓடும் செட்டுகளில் இது இன்னும் முக்கியமாகிறது. ஒரு நூற்பாலையில் இரண்டு ஒரே மாதிரிச் செட்டுகள் ஒரே பஸ்பாரில் (பொது மின்பட்டையில்) சேர்ந்து ஓடிவந்தன. ஒன்றுக்கு மட்டும் புதிய கோப்பு ஏற்றப்பட்டிருந்தது. தனித்தனியே இரண்டும் அருமையாக ஓடின. சேர்த்தால் கிலோவாட் முள் இரண்டுக்கும் இடையே ஊஞ்சலாடியது. லோடு ஷேரிங் கார்டு, பிக்கப் சென்சார், டீசல் ஃபில்டர் என்று எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்திருக்கிறார்கள். கடைசியில் இரு பெட்டிகளின் கேலிப்ரேஷன் திருத்த எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் ஒன்று மற்றதைவிட விரைவாகப் பதில் சொல்கிறது என்பது தெரிந்தது. இரண்டாவதுக்கும் அதே திருத்தத்தை ஏற்றி, பதில்வேகத்தைத் தீர்மானிக்கும் கெயின் மதிப்பைச் சமப்படுத்தியதும் ஆட்டம் நின்றது. இணைச் செட்டுகளில் ஒன்றைத் தொட்டால் எல்லாவற்றையும் தொட வேண்டும் என்பதை வேலை மதிப்பீட்டிலேயே எழுதிவிட வேண்டும்; பிறகு சொன்னால் கூடுதல் பணம் கேட்பதாகத்தான் தெரியும்.

எஞ்சின் மென்பொருள் ஒரு சட்டப் பிரச்சினையும்கூட என்பதை உலகம் முதலில் பெரிய அளவில் உணர்ந்தது அமெரிக்காவில், 1998-இல். டெட்ராய்ட் டீசல் நிறுவனம் 1985-இல் டிடெக் என்ற மின்னணுக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தபின் கனரக எஞ்சின்கள் வேகமாக மின்னணுவுக்கு மாறியிருந்தன. சோதனைச் சுழற்சியில் விதிக்கு உட்பட்டு நடந்துகொண்டு, நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் போகும்போது மட்டும் இன்ஜெக்ஷன் நேரத்தை மாற்றி டீசலை மிச்சப்படுத்தி நைட்ரஜன் ஆக்சைடைக் கூட்டும் மென்பொருள் அவற்றில் இருந்தது என்று அமெரிக்க அரசு குற்றம் சாட்டியது. கேட்டர்பில்லர், கம்மின்ஸ், டெட்ராய்ட் டீசல், மேக், நேவிஸ்டார், ரெனால்ட், வோல்வோ ஆகிய ஏழு நிறுவனங்கள் 1998 அக்டோபரில் சமரசத்துக்கு வந்தன. அபராதம் மட்டும் 8.34 கோடி டாலர், சம்பந்தப்பட்ட எஞ்சின்கள் சுமார் 13 லட்சம்.

அந்தச் சமரசத்தில் நம் வேலைக்கு நேரடியாகத் தொடர்புள்ள ஒரு பகுதி உண்டு. பழைய எஞ்சின்கள் ரீபில்டுக்கு (முழுதாகப் பிரித்துப் புதுப்பிக்க) வரும்போது திருத்திய மென்பொருளை ஏற்றித்தர வேண்டும் என்பது அது. காகிதத்தில் அழகான ஏற்பாடு. ஆனால் நல்ல எஞ்சின் ரீபில்டுக்கு வரப் பல லட்சம் மைல் ஓட வேண்டும்; அதற்கு முன் மென்பொருளை மட்டும் மாற்றிக்கொள்ள லாரி உரிமையாளருக்கு எந்தத் தூண்டுதலும் இல்லை, டீசல் செலவு கூடுமோ என்ற அச்சம் வேறு. எதிர்பார்த்த வேகத்தில் எதுவும் நடக்காததால் கலிபோர்னியா மாநிலம் 2004-இல் இதற்கென்றே தனி விதி இயற்ற வேண்டியிருந்தது. புதுப்பித்தல் என்றாலே 'மைலேஜ் போய்விடும்' என்று ஓட்டுநர்களும் உரிமையாளர்களும் இன்றுவரை சந்தேகப்படுவதற்கு இந்த வரலாற்றில் வேர் இருக்கிறது. சந்தேகம் முழுக்க மூடநம்பிக்கை என்று நான் சொல்லமாட்டேன். டீசல் செலவு மாறுமா என்று வாடிக்கையாளர் கேட்டால், ஒரே சுமையில் ஒரு மணி நேர டீசல் அளவை முன்னும் பின்னும் எடுத்துக் காட்டுவதுதான் நேர்மையான பதில்.

அதே சந்தேகத்தின் மறுமுனையில் இருப்பது திருட்டு மென்பொருள் வியாபாரம். பூட்டு உடைக்கப்பட்ட கருவிகளும், 'பவர் கூட்டித் தருகிறோம், யூரியா செலவே இல்லாமல் செய்து தருகிறோம்' என்று விற்கும் கோப்புகளும் எல்லா ஊரிலும் கிடைக்கின்றன. எஸ்சிஆரை மென்பொருளில் அணைத்துவிட்ட செட், அது பெற்ற புகைச் சான்றிதழுக்கு உட்பட்ட செட் அல்ல. காப்பீட்டுக்காரரும் மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரியும் கேட்கும் நாளில் உரிமையாளர்தான் பதில் சொல்ல வேண்டும். டார்க் (சுழல்விசை) கூட்டிய கோப்பில், சிலிண்டர் ஹெட் போல்ட்டும் டர்போவும் ஆல்டர்னேட்டரும் பழைய எல்லைக்கே வடிவமைக்கப்பட்டவை என்பதை அந்தக் கோப்பை எழுதியவர் கணக்கில் எடுத்திருக்கமாட்டார். ஆனால் இந்தக் கள்ளச்சந்தை ஏன் வளர்கிறது என்பதையும் பேச வேண்டும். டீலரைத் தவிர யாருக்கும் கருவி தராமல், ஒரு கோடை அழிக்கக்கூட நாள்கணக்கில் காத்திருக்க வைத்தால் ஆலை முதலாளி வேறு வழி தேடத்தான் செய்வார். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் விவசாய இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் உரிமைச் சட்டம் 2024 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. கருவிகளையும் மென்பொருளையும் நியாயமான நிபந்தனைகளில் தர வேண்டும் என்பது அதன் சாரம். நம் ஊரில் ஜெனரேட்டர்களுக்கும் அப்படியொன்று தேவை என்றே நினைக்கிறேன். கேலிப்ரேஷனை மாற்றும் அதிகாரம் உற்பத்தியாளரிடம் இருக்கட்டும்; கோடு படிப்பது, சென்சார் மதிப்பைப் பார்ப்பது, உரிய கோப்பை மறுபடி ஏற்றுவது ஆகியவை உரிமையாளரின் மெக்கானிக்கால் முடிய வேண்டும்.

வேலை முடிந்ததும் பழைய, புதிய கேலிப்ரேஷன் எண்கள், தேதி, எஞ்சின் மணி, செய்தவர் பெயர், காரணம் ஆகியவற்றைச் செட்டின் பதிவேட்டில் எழுதி, பேனல் கதவின் உள்பக்கம் ஒரு ஸ்டிக்கரும் ஒட்டுவது நல்லது. கப்பல்களில் இது விருப்பம் அல்ல. சர்வதேசக் கடல்சார் அமைப்பின் நைட்ரஜன் ஆக்சைடு தொழில்நுட்ப விதிகளின்படி, புகையைப் பாதிக்கும் அமைப்பு எதை மாற்றினாலும் எஞ்சினுக்கான பதிவுப் புத்தகத்தில் ஏற வேண்டும், ஆய்வாளர் வந்தால் காட்ட வேண்டும். தரையில் நிற்கும் செட்டுக்கும் அந்த ஒழுங்கு இருந்தால், ஐந்தாண்டு கழித்து வரும் இன்னொரு சர்வீஸ் இன்ஜினியர் நூற்பாலைக்காரர்களைப்போல ஃபில்டரில் தொடங்கித் தேட வேண்டியிராது.

செல்பேசி இணைப்பின் வழியே தொலைவிலிருந்தே கோப்பை அனுப்பும் முறையும் வந்துவிட்டது. லாரிகளுக்கு அது பெரிய வசதிதான்; ஓட்டுநர் வண்டியை நிறுத்தி, சம்மதம் தந்து, முடியும்வரை அருகிலேயே இருக்கிறார். ஆள் இல்லாத அறையில் ஆட்டோ நிலையில் நிற்கும் ஜெனரேட்டருக்கு அதே முறையை இப்போதைக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன். பேட்டரியின் உண்மை நிலையைத் தொலைவிலிருந்து முழுதாக அறிய முடியாது, மின்வெட்டு எந்த நிமிடம் வரும் என்று யாருக்கும் தெரியாது. கோப்பைத் தொலைவிலிருந்து தயாராக அனுப்பி வைக்கட்டும். ஏற்றும் கட்டளையை எஞ்சின் பக்கத்தில் நிற்கும் ஒருவர் கொடுத்து, ஏறி முடிந்ததும் அவரே எமர்ஜென்சி ஸ்டாப்பை அழுத்திப் பார்க்கட்டும்.